மங்கலாக இருப்பது இரண்டாம் கட்டம்

பதுளை டவுனில் ஒரு ஸ்டுடியோவில் நான் கல்யாண ஆல்பம் செய்கிறேன். செய்கிறேன் என்றால், மாப்பிள்ளையின் நெற்றி வியர்வையைத் துடைப்பது, பெண்ணின் சித்தப்பா கண்ணை மூடியிருந்தால் வேறு படத்திலிருந்து அவர் கண்ணையே எடுத்து ஒட்டுவது, வீடியோக்காரரின் கால் உள்ளே வந்திருந்தால் வெட்டுவது. இதைப் பெரிய கலை என்று யாரும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. ஆனால் நாள் முழுக்க அடுத்தவர் முகத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தால் மனுஷிக்கு ஒரு நேரம் பித்துப் பிடிக்கும். அப்படிப் பிடித்த ஒரு மத்தியானத்தில்தான் பொம்மைப் பட வித்தையைக் கற்றுக்கொண்டேன்.

வித்தை ஒன்றும் பெரிதில்லை. உயரத்தில் நின்று கீழே பார்த்து எடுத்த ஒரு படம் வேண்டும். அதன் மேல் பாகத்தையும் கீழ்ப் பாகத்தையும் கணினியில் மெல்ல மெல்ல மங்க வைத்து, நடுவில் ஒரு பட்டையை மட்டும் தெளிவாக விட வேண்டும். பிறகு நிறத்தைக் கொஞ்சம் கூட்டினால் போதும், உண்மையான ஊர் மேசைமேல் செய்துவைத்த பொம்மை ஊர் ஆகிவிடும். சின்னச் சாமான்களைக் கிட்டப் போய்ப் படம் பிடித்தால்தான் முன்னும் பின்னும் அப்படி மங்கும். கண்ணுக்கு அது பழக்கம், அந்தப் பழக்கத்தில் ஏமாந்துபோகிறது. உயரத்துக்கோ எங்கள் ஊவா மாகாணத்தில் பஞ்சமே இல்லை. ஒருத்தர் வாசலில் நின்றால் இன்னொருத்தர் கூரை தெரியும்.

முதலில் அப்புத்தளை ஸ்டேஷனை எடுத்தேன். ஒரு கல்யாண வேலையாகப் போயிருந்தபோது பனி விலகி, மேல் ரோட்டிலிருந்து பார்த்தால் ரயில் நின்றுகொண்டிருந்தது. கடைக்கு வந்து கணினியில் போட்டு மங்க வைத்ததும், சாவி கொடுத்தால் ஓடும்போல ஒரு ரயில், பக்கத்தில் கூடையோடு விரல் உயரத்தில் ஒரு வடைக்காரர். எனக்கே சிரிப்பு வந்தது. பின்னால் வந்து நின்ற முதலாளி சிரிக்கவில்லை. அவர் பிலிம் காலத்து ஆள், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன்.

“என்ன தங்கச்சி இது? மேலயும் கீழயும் மங்கி ஈக்கி. கஸ்டமர் சல்லி தருவானா?”

“வேணும்னுதான் மங்க வெச்சேன், நானா.”

“நான் இவ்வளவு காலமா மங்காம எடுக்கத்தான் பாடுபட்டேன். நீ வேணும்னு மங்க வெக்கிற.” தலையை ஆட்டிக்கொண்டு போனார். அடுத்த நாள் எதிர்ப்பக்கத்து மாடியில் ஏறித் தன் கடையையே எடுத்துவந்து, இதையும் சின்னதாக்கித் தா என்றார். கொடுத்தேன். “கடை சின்னதாகட்டும், போர்டு மட்டும் பெருசாத் தெரியணும்” என்றார். முதலாளி எப்போதும் முதலாளிதான்.

அந்த ஞாயிறு வீட்டுக்குப் போனேன். எங்கள் தோட்டம் ஹாலிஎலைக்கு மேலே. பஸ் விட்டு இறங்கி நடந்தால், ஒரு வளைவில் எங்கள் லயம் முழுசாகக் கீழே தெரியும். பத்துக் காம்பரா. காம்பரா என்றால் ஒரு குடும்பத்துக்கான அறை. பத்து அறையும் ஒரே கூரைக்குக் கீழே ஒரே சுவரில் முதுகு ஒட்டி நிற்கும். எங்களுடையது கடைசி. மாதா கோயில் பூசைக்குப் போய் வந்து எல்லோரும் துணி காயப் போட்டிருந்தார்கள். அம்மா பீலியடியில், மலைத் தண்ணீர் குழாயில் விழுகிற இடத்தில், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். வெயில் நன்றாக விழுந்தது. ஒரு படம் எடுத்தேன், திங்கட்கிழமை கடையில் உட்கார்ந்து அதைப் பொம்மையாக்கினேன்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், எங்கள் லயம் அவ்வளவு அழகாக இருந்தது. நிறத்தைக் கூட்டியதில் துருப்பிடித்த தகரம் புதுசாகச் சிவப்புப் பெயின்ட் அடித்தது போல ஆகிவிட்டது. காற்றுக்குத் தகரம் பறக்காமல் மேலே தூக்கி வைத்திருக்கும் கல்லெல்லாம் யாரோ அளவெடுத்து அடுக்கியவை போல இருந்தன. பீலியடியில் கட்டைவிரல் நகம் அளவில் அம்மா. “நம்ம லயம். மினியேச்சர் மாதிரி” என்று எழுதி எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். மினியேச்சருக்கு எனக்குத் தமிழ் தெரியவில்லை. தெரிந்திருந்தால் பின்னால் வந்த பாதி வினை வந்திருக்காது.

முதல் பதில் அம்மாவுடையது, குரல் பதிவாக. “யாரு வீட்டுக் குடில் புள்ள இது? நல்லா செஞ்சிருக்காங்க. மாட்டத்தான் காணோம்.”

டிசம்பர் நெருங்கினால் எங்கள் லயத்தில் எல்லா வீட்டு இஸ்தோப்புத் திண்ணையிலும் பாலன் பிறந்த குடில் கட்டுவார்கள். அட்டையில் வீடு, மரத்தூளில் புல், கண்ணாடித் துண்டில் குளம். அம்மா சொன்னதில் பிழையில்லை. ஆனால் நான் ஒரு மத்தியானம் பூராவும் கண்ணைக் கசக்கிக்கொண்டு செய்ததைப் பார்த்து மாடு எங்கே என்று கேட்டால் கோபம் வருமா வராதா? எனக்கு வந்தது. பதில் போடவில்லை.

இங்கே என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பண்டாரவளையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் இருக்கிறான். பூனாகலையில் ஒரு நர்சரி கட்டடத்துக்குச் சீமெந்து இறக்கப் போனவன், அங்கே படிப்பித்துக்கொண்டிருந்த டீச்சரையும் மனதில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். அந்தப் பிள்ளைக்கும் சம்மதம். அம்மா போய்ப் பெண் கேட்டார். பெண்ணின் அப்பா பேக்டரி லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர், நல்ல மாதிரியான மனுஷர், தேத்தண்ணி கொடுத்து உபசரித்தார். உபசரித்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார். “எம்பொண்ணு லயத்துல பொறந்தா, லயத்துல வளர்ந்தா. லயத்துக்கு வாழ்க்கைப்பட வேணாம். ஒங்களுக்குத் தனி வீடு கெடைக்கட்டும், அப்ப ஓலை போடலாம்.” ஓலை என்றால் கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாணத்தை அறிவிப்பது. அது வாசிக்காமல் எங்களில் கல்யாணம் இல்லை.

தனி வீடு எங்கிருந்து கிடைக்கும்? டவுனில் வாடகைக்கு எடுத்தால் தம்பியின் சம்பளம் வாடகையோடு முடிந்துபோகும். தோட்டத்தில் ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் வருகிறது, வருகிறது என்று எங்கள் அப்பா உயிரோடு இருந்த காலத்திலிருந்தே வந்துகொண்டிருக்கிறது. தம்பி சோற்றைக் குறைத்தான், தாடியைக் கூட்டினான். அதைப் பார்த்துச் சண்டை போட ஆள் தேடினேன், ஆள் கிடைக்கவில்லை.

இந்த நிலைமையில் என் படம் குடும்ப வாட்ஸ்அப்பிலிருந்து வெளியே போனது. யாரோ ஒரு மச்சான் வாலிபர் சங்கத்துக்கு அனுப்ப, அங்கிருந்து அது தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் போனுக்குப் போயிருக்கிறது. போகிற வழியில் “நம்ம லயம்” உதிர்ந்து, “மினியேச்சர்” உதிர்ந்து, “மாதிரி” என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. எங்கள் மலையில் மாதிரி என்றால் ஒரே அர்த்தம்தான். மாதிரி வீடு. தேர்தலுக்குத் தேர்தல் ஒரு மேசையில் வைத்துக் காட்டுவார்களே, அட்டையும் பஞ்சும் பச்சைப் பெயின்டுமாக, அது. தலைவர் கண்ணாடி போடாமல் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுத் தோட்டம் முழுக்க அனுப்பிவிட்டார்: “நமது தோட்டத்துக்கு மாதிரி வந்துவிட்டது.” கீழே கும்பிடுகிற கை நாலைந்து.

அடுத்த நாள் காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பதற்கு முன்பே சண்டை தொடங்கிவிட்டதாம். இதெல்லாம் தம்பி எனக்குப் போனில் சொன்னது. மேல் லயத்துக்காரர்கள் தலைவரைச் சுற்றிக்கொண்டார்கள். படத்தில் மேல் லயம் மங்கியிருந்தது; எங்களை அழித்துவிட்டீர்கள் என்று குற்றச்சாட்டு. கீழ் லயத்துக்காரர்களுக்கும் அதே குறை. தலைவர் சும்மா தலைவர் ஆனவரில்லை. போனைத் தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்து, தீர்ப்புச் சொன்னார்.

“தெளிவா இருக்கிறது மொதக் கட்டம். மங்கலா இருக்கிறது ரெண்டாங் கட்டம். எல்லாருக்கும் வரும், அவசரப்படாதீங்க.”

இதைக் கேட்டு எல்லோரும் சமாதானமாகிக் கொழுந்து பறிக்கப் போயிருக்கிறார்கள். இவ்வளவு பொருத்தமான விளக்கத்தை நான் சொல்லியிருக்க முடியாது.

ஒரே ஒரு பெரியவர் மட்டும், “புதுசா கட்டுறதும் லயம்தானா?” என்று கேட்டாராம். “அது லயம் இல்ல, தொடர் வீடு” என்றாராம் தலைவர். “கூரை மேல கல்லு இருக்கே?” “அது டிசைன்.”

நான் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, முதலாளியிடமும் சொல்லி, அவரும் சிரித்தார். தம்பி மட்டும் சிரிக்கவில்லை.

“அக்கா, சிரிக்காத. அம்மா பூனாகலைக்குப் போன் பண்ணிட்டாங்க.”

“என்னான்னு?”

“வீடு வந்திருச்சுன்னு. படத்தையும் அனுப்பிட்டாங்க. வர்ற ஞாயித்துக்கெழம இடம் பார்க்க வாறாங்களாம்.”

எனக்கு வந்த கோபத்தில் ஒரு மணப்பெண்ணின் மூக்கைத் தெரியாமல் அழித்துவிட்டேன். உடனே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

“அம்மா, அது நான் எடுத்த படம். நம்ம லயம். நான்தான் எடிட் பண்ணினேன்.”

“நீ அனுப்பினது குடில். இது தலைவர் அனுப்பினது.”

“ரெண்டும் ஒண்ணுதாம்மா.”

“ஒண்ணா இருந்தா தலைவர் கைக்கு எப்பிடிப் போச்சு?”

இதற்கு மேல் போனில் பேசினால் நாடி வெடித்துவிடும் என்று அன்றைக்கே லீவு சொல்லி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் உட்காரவைத்து இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினேன். மங்காத படம் இந்தப் பக்கம், மங்கின படம் அந்தப் பக்கம். அம்மா குனிந்து குனிந்து பார்த்தார்.

“இது நம்ம லயம்.”

“ஆமா.”

“இது மாதிரி.”

“ரெண்டும் ஒரே லயம்மா. இந்தா, இது நீங்க. பீலியடியில நிக்கிறீங்க.”

“நம்ம லயமா இருந்தா ஏன் இவ்வளவு அழகா இருக்கு?” என்றார் அம்மா.

அது அம்மா விவாதத்தில் ஜெயிப்பதற்காகச் சொன்னது அல்ல. உண்மையாகவே கேட்டார். அந்தக் காம்பராவில் என்னைப் பெற்று, தம்பியைப் பெற்று, அப்பாவைப் பெட்டியில் வைத்து வெளியே அனுப்பிய மனுஷி, அது அழகாக இருக்க முடியும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அழுகை வரும்போலிருந்தால் எனக்கு இன்னும் கோபம்தான் வரும்.

“பூனாகலைக்காரருக்கு லயம்னு தெரியலயா?” என்று கத்தினேன்.

“கேட்டாரு. லயம் மாதிரி இருக்கேங்கன்னு. தூரத்துல எடுத்ததுங்க, கிட்டப் பாத்தா தனித்தனியா இருக்கும்னு சொல்லிட்டேன்.”

அன்றைக்குத்தான் அம்மாவுக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் சொல்லிவிட்டார், அவர்கள் வரப்போகிறார்கள். தம்பி என்னை வெளியே கூட்டிப்போய், ஓலை போடுகிற வரைக்கும் வாயைத் திறக்காதே என்று கெஞ்சினான். “கல்யாணம் முடிஞ்சு அவ வந்து நின்னா எந்த வீட்டைடா காட்டுவ?” என்றேன். கொஞ்சம் யோசித்து, “ரெண்டாங் கட்டத்துல நம்ம பேரு இருக்குன்னு சொல்லிக்கலாம்” என்றான். காதல் வந்தவனுக்குத் தலைவர் மூளையும் வந்துவிடும்போல.

ஞாயிறு பூசை முடிந்து ஒரு வேனில் வந்தார்கள். பெண்ணின் அப்பா, அம்மா, அந்தப் பிள்ளை. அவர்களை வரவேற்க நாங்கள் மூவரும் ரோட்டு வளைவு வரைக்கும் ஏறிப் போயிருந்தோம். பெண்ணின் அப்பா இறங்கியதும் வீட்டுக்கு வரவில்லை. அதே வளைவில், நான் நின்று எடுத்த அதே இடத்தில் நின்று, போனை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்தார். போனைப் பார்த்தார், கீழே பார்த்தார். மறுபடி போன்.

“கெட்டிக்கார மேஸ்திரிதான்” என்றார். “நீங்க இப்ப இருக்கிறத அப்பிடியே செஞ்சிருக்கான். துணி காயிறதக்கூட விடல.”

“ஆமாங்க, ஒண்ணு விடல” என்றார் அம்மா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“அஸ்திவாரம் எங்க போட்டிருக்காங்க?”

அம்மா தம்பியைப் பார்த்தார். தம்பி தன் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்தான். நான் அதுவரை அடக்கிக்கொண்டிருந்ததே பெரிய காரியம். “அஸ்திவாரம் ஒண்ணும் இல்லீங்க. வீட்டுக்கு வாங்க, காட்டுறேன்” என்றேன்.

வீட்டில் மேசைமேல் கேக்கும் வாழைப்பழமும் வைத்திருந்தோம். அதை ஒதுக்கி லேப்டாப்பைத் திறந்தேன். மங்கின படத்தைக் காட்டி, மேலிருந்த மங்கலை நீக்கி, கீழிருந்த மங்கலை நீக்கி, கூட்டின நிறத்தைக் குறைத்தேன். அவர் கண் முன்னாலேயே பொம்மை ஊர் எங்கள் லயமாகிவிட்டது. சிவப்புப் பெயின்ட் துருவாகியது. டிசைன் கல்லாகியது. “மாதிரி எதுவும் வரலீங்க. இது நான் விளையாட்டுக்குச் செஞ்சது. அம்மா பொய் சொல்லல, அவங்களுக்குத் தெரியல” என்றேன். அம்மா சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றார். தம்பியின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

அப்போது அந்தப் பிள்ளை வாயைத் திறந்தாள். அதுவரை குனிந்த தலை நிமிராமல் இருந்தவள்.

“நான் அன்னைக்கே சொன்னேனே, அப்பா. இது எடிட்டிங்னு. எம்போன்லயும் இருக்கு. நர்சரிப் புள்ளைகள நான் இப்பிடித்தான் பொம்மையாக்குவேன். பீலியடியில தரையெல்லாம் தண்ணி சிந்தியிருக்குல்ல, பொம்மைக்கு யாரு தண்ணி சிந்துவாங்க?”

“தெரியும்மா” என்றார் அவர்.

நான் லேப்டாப்பிலிருந்து கையை எடுத்தேன். “தெரிஞ்சுதான் வந்தீங்களா?”

அவர் வாழைப்பழம் ஒன்றை எடுத்து, உரிக்காமல் கையில் வைத்துக்கொண்டார். “எம்பொண்டாட்டி பக்கம், என் பக்கம், எல்லாருக்கும் முன்னால லயத்துக்குக் குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டேங்க. மூத்தவள லயத்துக்குக் குடுத்து அவ படுற பாட்டப் பார்த்துட்டுத்தான் சொன்னேன். இப்ப இவ வேற எடம் வேணாங்கிறா. சொன்ன வாய மாத்தணும்னா கையில ஏதாவது ஒண்ணு வேணும்ல? இந்தப் படம் வந்துச்சு. சரி, இதக் காட்டிக்கலாம்னு நெனச்சேன். ஆனா பார்க்கிறவன் லயம்னு கண்டுபிடிச்சிருவான்.” பழத்தை மறு கைக்கு மாற்றினார். “நடுநடுவுல எடவெளி விட்டுத் தர முடியுமா, டீச்சர்?”

நான் டீச்சர் இல்லை, அவர் மகள்தான் டீச்சர். அவருக்குக் கூச்சத்தில் ஆள் மாறிவிட்டது.

“பொய்ப் படம் செய்யச் சொல்றீங்களா?” என்றேன்.

“மூடின கண்ணத் தொறந்து வைப்பீங்களாமே. தம்பி சொல்லியிருக்காரு.”

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கேட்டது என் தொழில். அதோடு தம்பி ஆட்டுக்குட்டி மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மங்காத படத்தை எடுத்துப் பத்துக் காம்பராவையும் தனித்தனியாக வெட்டினேன். ஒவ்வொன்றுக்கும் பக்கச் சுவர் வைத்தேன், தனிக் கூரை வைத்தேன். இடையில் ஒரு ஆள் கையை வீசி நடக்கிற அளவு இடைவெளி விட்டுக் காய்கறிப் பாத்தி போட்டேன். நல்லாத்தான் வந்தது. ஆனால் வீட்டைத் தள்ளத் தள்ள வரிசை நீண்டுகொண்டே போகிறது. லயம் நிற்கிற தட்டோ அவ்வளவுதான். இந்தப் பக்கம் தண்ணீர் ஓடுகிற கான், அந்தப் பக்கம் சரிவு. ஏழு வீட்டோடு இடம் முடிந்துவிட்டது. மிச்சம் மூன்று. கடைசிக் காம்பரா எங்களுடையது என்பதால் எங்கள் வீடு சரிவில் போய் நின்றது.

“அங்க வெக்காத, மண்ணு சரியும்” என்றார் அம்மா. அவர் எப்போது என் தோளுக்குப் பின்னால் வந்தார் என்று தெரியவில்லை.

“படத்துல சரியாதும்மா.”

“வேணாம். போன மழைக்கே பயந்தோம்.”

தேயிலைக்குள் வைத்துப் பார்த்தேன். அங்கேயும் சரிவு, வீடு கோணலாக நின்றது. இதற்குள் பக்கத்துக் காம்பராக்காரர்களும் வாசலில் கூடிவிட்டார்கள். வீட்டை எங்கே வைப்பது என்று ஆளுக்கு ஒரு யோசனை. கோயில் பக்கம் வை, வேண்டாம், கோயில் காணி. ரோட்டோரம் வை, வேண்டாம், பஸ் திரும்புகிற இடம். நான் படத்தின் மேலே மேலே தள்ளிக்கொண்டு போனேன். அங்கே, நான் முதலில் மங்க வைத்த இடத்தில், எதிர் மேட்டின் உச்சியில் தோட்டத்தை நடத்துகிற துரையின் பங்களா இருந்தது. பங்களா என்றால், அதற்கு முன்னால் இருக்கிற புல்வெளி. படத்திலேயே மேடு பள்ளம் இல்லாத ஒரே இடம் அதுதான்.

எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

“துரைக்குத் தெரிஞ்சா?” என்றார் அம்மா மெதுவாக. லேப்டாப்புக்குள் இருக்கிற துரைக்குக் கேட்டுவிடும் என்பது போல.

பூனாகலைக்காரர் முதல் முறையாகச் சிரித்தார். “படத்துலதானே. வைங்க.”

வைத்தேன். தூரத்துக்குத் தக்க மாதிரி வீட்டைச் சின்னதாக்கி, நிழலும் போட்டு, பூப் பாத்திக்குப் பக்கத்தில் இறக்கினேன். தம்பியின் வீடு. கச்சிதமாக உட்கார்ந்தது. அம்மா உடனே, வாசல் அந்தப் பக்கம் வேண்டாம், காற்றடிக்கும், இந்தப் பக்கம் திருப்பு என்றார். அந்தப் பிள்ளை குனிந்து பார்த்து, “இவ்வளவு புல்லு நமக்கு எதுக்கு அக்கா? மத்த ரெண்டு வீட்டையும் வைங்களேன்” என்றாள். மற்ற இரண்டையும் வைத்தேன். வாசலில் நின்ற ஒரு அக்காள், “அப்ப எங்கள மட்டும் ஏன் கான் ஓரத்துல விட்ட?” என்று சண்டைக்கு வந்தார். அவரையும் தூக்கி வைத்தேன். அவரை வைத்தால் அடுத்தவர் விடுவாரா? ஒவ்வொருத்தராகக் கேட்கக் கேட்க ஒவ்வொரு வீடாகத் தூக்கிப் புல்வெளியில் வைத்தேன். எனக்குப் பாத்தி பெரிசு, எனக்குச் சின்னது என்று வேறு அடிதடி. கோழிக்கூட்டுக்கு இடம் கேட்டார் ஒருத்தர். ஆட்டுப்பட்டிக்குக் கேட்டார் இன்னொருத்தர். அதையும் வைத்தேன். எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

பத்து வீடும் வைத்து முடிந்தது. இடைவெளி விட்டு, பாத்தி போட்டு, கோழிக்கூடும் ஆட்டுப்பட்டியும் வைத்து. கையை எடுத்துப் பார்த்தால், ஒரு ஓரத்தில் இன்னும் புல் மிச்சம் இருந்தது.

சிரிப்பு எங்கே நின்றது என்று தெரியவில்லை. துரை என்கிற ஒரே ஒரு ஆள் காலையில் வந்து நின்று தேத்தண்ணி குடிக்கிற இடம் அது.

பூனாகலைக்காரர் குனிந்து அந்த மிச்சப் புல்லை விரலால் தொட்டுப் பார்த்தார். “அனுப்பட்டுமாங்க? ஒங்க சொந்தக்காரங்களுக்குக் காட்ட?” என்று கேட்டேன்.

“வேணாம்” என்றார். “லயத்துக்குத்தான் குடுக்கிறேன்னே சொல்லிக்கிறேன். எடம் இல்லாம இல்ல, தராமத்தான் இருக்காங்க. அப்புறம் நான் எதுக்கு வெக்கப்படணும்?”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இவ்வளவு நேரமும் அவர் கையிலேயே இருந்த வாழைப்பழத்தைப் பார்த்தார்.

“உரிச்சுச் சாப்பிடுங்க, சம்பந்தி” என்றார்.